மாங்கன்றுப் பேரேடு

சாமராஜநகருக்கு வருகிற முதலமைச்சருக்குப் பதவி போய்விடும் என்று கர்நாடகத்தில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத முதலமைச்சர்களும் உண்டு. சித்தராமையா பல தடவை வந்துபோனார். 2013 முதல் 2018 வரை ஐந்து வருஷத்தையும் முழுசாக முடித்து அந்தப் பேச்சின் பல்லைப் பிடுங்கினார். ஆக, ஊருக்குப் பயமுறுத்த வேறு ஏதாவது வேண்டியிருந்தது. பழச்செடி விற்கிற நர்சரிகளின் விலைப் பலகை இப்போது அந்த வேலையைச் செய்கிறது.

நான் இங்கே ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பூர்வீகம் திம்பம் மலைக்குக் கீழே, சத்தியமங்கலம் பக்கம். இங்கே விளைகிற மஞ்சள் ஈரோட்டுக்கு இறங்கும். அங்கிருந்து நான் இங்கே ஏறினேன். இந்தப் பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் வாய் திறக்கவில்லை.

கர்நாடகத்தில் மாதச் சம்பளக்காரன் ஆயுள் முழுக்கச் சேர்த்து வாங்குவது ‘தர்ட்டி ஃபார்ட்டி சைட்’. முப்பதுக்கு நாற்பது அடி. அதில் வீடு, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கார் இல்லாவிட்டாலும் கார் நிறுத்த ஓர் இடம் எல்லாம் போக, பின்பக்கம் ஒரு பாய் விரிக்க மண் மிஞ்சும். அதைப் பார்த்ததும் எனக்கு ‘நம்ம வீட்டு மாம்பழம்’ என்ற ஆசை வரும். அதே மண்ணைப் பார்த்து என் மனைவிக்குத் துணிக்கொடி ஞாபகம் வரும். இருபது வருஷ தாம்பத்தியத்தில் அந்தப் பாய் அளவு மண்தான் எங்கள் எல்லைப் பிரச்சினை.

ஆசைக்குத் தூபம் போடுவது பழக்கடை. இங்கே ஆஷாட மாசத்தில் சாமராஜேஸ்வரர் தேரோட்டம் நடக்கும். ஆஷாடத்தில் பிரித்துவைக்கப்பட்ட புது ஜோடிகள் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். தவனம் செருகிய வாழைப்பழத்தைத் தேர்மேல் எறிந்து வேண்டிக்கொள்வார்கள். ஏலக்கி வாழை பண்டிகை நாளில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டத் தொடங்கியதும், மாப்பிள்ளைகளின் கை ஓங்கி நின்று ஒரு கணம் யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிலர் சீப்பில் சின்னப் பழமாகப் பார்த்துப் பிய்க்கிறார்கள். சாமியும் கணக்குப் பார்க்காதவர் போலிருக்கிறது. குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

பழம் இந்த விலை விற்றால் மரத்தையே வைத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படித் தோன்றுகிறவர்கள் எத்தனை பேர் என்பது நர்சரிக்காரருக்குத் தெரியும். அதனால்தான் பழத்தைவிட வேகமாக மரம் விலையேறுகிறது.

எங்கள் பக்கத்தில் மரத்தைக் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. மாங்கொட்டையைத் துப்பினால் மாமரம். பப்பாளி காக்கா போட்டது. முருங்கைக் கொம்பைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பார். அவர் மறுத்தால் ராத்திரி நாமே ஒடித்துக்கொள்வது. வாழைக்குப் பக்கக்கன்று. தென்னம்பிள்ளைக்கு மட்டும் ஏதோ கைமாறியது. அதுவும் பெரும்பாலும் நெல்லாகவோ மரியாதையாகவோ இருக்கும். மரத்துக்கு ரசீது என்ற ஒன்று உண்டு என்பதே எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் மலிவுச் செடிக்குப் பேர்போன சீமை இது. கர்நாடகத் தோட்டக்கலைத் துறையைத் தூக்கி நிறுத்திய மரிகௌடா பக்கத்து டி.நரசீபுரத்துக்காரர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வந்து, மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான அரசுப் பண்ணைகளையும் நாற்றங்கால்களையும் வைத்தார். ஏழை விவசாயிக்கு நல்ல தாய்மரத்துக் கன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பண்ணைகளில் இன்றைக்கும் துறை நிர்ணயித்த விலைதான். வெளியே இருப்பதைவிட நிச்சயம் குறைவு. ஆனால் அங்கே கன்று மழைக்காலத்தில்தான் வரும். நமக்கு மாமரம் வைக்கவேண்டும் என்ற ஆசை மாம்பழம் தின்கிற ஏப்ரல், மே மாசத்தில்தான் வரும். மழை பிடித்து அங்கே கன்று வருகிறபோது நம் ஆசை ஆறிவிடும். அல்லது ஐம்பது ஏக்கர்க்காரர் ஒருவர் டிராக்டரோடு வந்து மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். ஒற்றைக் கன்று கேட்டு நிற்கிற என்னைப் பார்த்து அங்கிருந்தவர், “ஒண்ணா?” என்று கேட்ட குரலில் பரிதாபம்தான் இருந்தது.

எனவே தனியார் நர்சரி. மைசூர் ரோட்டில் போனால் வலதும் இடதும் பச்சை வலைப் பந்தல்கள். செந்தூரா ஒட்டு 250. பாதாமி 280. பாதாமி என்றால் வேறொன்றும் இல்லை, ரத்னகிரிக்காரர்கள் தலையில் வைத்து ஆடுகிற அல்போன்சாதான். இந்த ஊரில் அதற்கு இந்தப் பெயர். மல்லிகா 250, ஆம்ரபாலி 350. இந்த இடத்தில் என் கணக்குப்பிள்ளை மூளை விழித்துக்கொண்டது. மல்லிகாவும் ஆம்ரபாலியும் டெல்லி பூசா நிறுவனத்தில் பிறந்தவை. நீலத்தையும் தசேரியையும் சேர்த்தது மல்லிகா. தசேரியையும் நீலத்தையும் சேர்த்தது ஆம்ரபாலி. அப்பா அம்மா இடம் மாறியதற்கு நூறு ரூபாயா என்று கேட்டேன். “சார், ஆம்ரபாலி குள்ளம் சார். சைட்டுக்கு செட் ஆகும்” என்றார் நர்சரிக்காரர். இந்த ஊர்க் கன்னடக்காரர்; தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் விலை சொல்லத் தெரிந்தவர். தள்ளுபடி மட்டும் எந்த மொழியிலும் தெரியாது.

அதற்கப்பால் ஹிமாம்பசந்த் 450. வருஷம் முழுக்கக் காய்க்கும் தாய்லாந்து மா 600. ஹாஸ் பட்டர் ஃப்ரூட் 1,400. அடிமரத்திலேயே கறுப்பாகக் காய் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிரேசில் நாட்டு ஜபோட்டிகாபா 2,500. அதன் பெயரை உச்சரித்துப் பழகவே தனிப் பயிற்சி வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் செந்தூரா ஒட்டு ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கினேன். ரசீது என்னிடம் இருக்கிறது. என்னிடம் எல்லா ரசீதும் இருக்கும். என் மனைவி சொல்வாள், எங்கள் கல்யாணத்துக்கும் ரசீது கொடுத்திருந்தால் நான் பத்திரமாக வைத்திருப்பேன் என்று. அதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போட்டிருக்கும் என்பதும் அவள் சொல்வதுதான்.

இந்த விலையேற்றத்தை அவளிடம் முறையிட்டபோது நான் எதிர்பார்த்த ஆறுதல் கிடைக்கவில்லை.

“ஏனுங்க, மஞ்சள் குவிண்டாலுக்கு ஏறுனப்ப லட்டு வாங்கியாந்தீங்கல்ல? மாங்கன்னு ஏறுனா மட்டும் வயிறு எரியுதாக்கும்?”

அது தொழில், இது கொள்ளை என்று விளக்கினேன். ஆனால் மண்டியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு சரக்கின் அடக்கவிலை தெரியாமல் தூக்கம் வராது. அடுத்த தடவை போனபோது நர்சரியின் பின்பந்தலுக்குள் நுழைந்துவிட்டேன். அவளும் கூட வந்தாள், நான் சண்டை போடாமல் இருக்க.

அங்கே ஒரு சாக்கின்மேல் சம்மணம் போட்டு ஒருவர் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்க்காரர். சந்தூரில் மாங்கன்றுதான் ஊர்த்தொழில். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே கை பழகிவிடும் என்றார். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த பென்சில் பருமன் கன்று பையில் வரிசையாக நின்றது. ஒன்றை இழுத்தார், தலையைச் சீவினார், நடுவில் பிளேடால் ஒரு பிளவு. இன்னொரு கையில் தாய்மரத்துக் குச்சி. பத்து நாளைக்கு முன்பே மரத்தில் இருக்கும்போதே அதன் இலைகளைக் கிள்ளிவிட்டுவைப்பார்களாம், அப்போதுதான் மொட்டு விம்மி நிற்கும். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, பிளவுக்குள் இறக்கி, பட்டையோடு பட்டை சேர்த்து, பாலிதீன் நாடாவை இழுத்துச் சுற்றினார். கடைசியில் பெட்டிக்கடையில் ‘பெப்சி’ என்று ஐஸ் விற்கிற நீளக் கவர் இருக்கிறதே, அதை மேலே தொப்பியாக மாட்டினார். ஈரம் போகாமல் இருக்க. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் இரண்டு முடிந்துவிட்டது.

“எல்லாமே பிடிக்குமுங்களா?” என்று கேட்டாள் என் மனைவி.

“எங்கீங்க்கா. நூத்துக்கு அறுபது, எழுபது. குச்சி கறுத்துதுன்னா போச்சு. புடிச்சதுக்குத்தான் எனக்குக் கூலி.”

ஒட்டுக்குக் கீழே நாட்டுக்கன்றிலிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளவேண்டும், விட்டால் நாட்டுக்கன்றே மேலேறி ஒட்டைத் தின்றுவிடும் என்றும் சொன்னார். அவள் இன்னும் என்னென்னவோ கேட்டாள். நான் அவள் கேட்டதைக் கவனிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டை. பை. செம்மண், மணல், எரு. ஒரு வருஷத் தண்ணீர், அதைப் பாய்ச்சுகிற ஆள் கூலி. ஒட்டுக் கூலி. செத்துப்போன முப்பது நாற்பதின் செலவைப் பிழைத்தவற்றின் தலையில் வைக்கவேண்டும். மண்டியில் சுருங்கிப்போன மஞ்சளுக்கு நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பாதிச் சரக்கு ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியத்திலிருந்து வருகிறது. அங்கே ஊர் ஊராக நர்சரிதான். அந்த லாரி வாடகை, டீசல், வழியில் ஒடிந்தவை. எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டோரத்து நிலத்தின் வாடகை. மைசூர் ரோட்டில் இன்றைக்கு நர்சரி இருக்கிற இடமெல்லாம் நாளைக்கு சைட் ஆகப்போகிற இடம். சொந்தக்காரர் விலை ஏறுவதற்குக் காத்திருக்கிற நேரத்தில் செடிகள் அங்கே குடியிருக்கின்றன, அவ்வளவுதான். எப்படிச் சுருக்கிப் போட்டாலும் நூற்றைம்பதுக்குக் கிட்டே வந்து நின்றது. இருநூற்றைம்பதுக்கு விற்றால் அதைக் கொள்ளை என்று சொல்ல மண்டிக்காரனுக்கு வாய் வராது. இதில் அரசாங்கத்துக்குக்கூடப் பங்கில்லை. உயிருள்ள செடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. அதாவது, செத்த பிறகு மிஞ்சுகிற பொருளுக்குத்தான் வரி.

ஆகவே சாதாரண ஒட்டுக்கன்றின் விலையை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அதற்கு மேலே ஏறுகிற சங்கதி. ஒன்று, பெயருக்குக் கொடுக்கிற காசு. இன்னொன்று, அவசரத்துக்குக் கொடுக்கிற காசு.

பெயருக்கு நல்ல உதாரணம் மியாசாகி. ஜப்பானில் மியாசாகி என்ற பிரதேசத்தில் பசுமைக் கூடாரத்துக்குள் வளர்த்து, ஒவ்வொரு காய்க்கும் வலைப் பை கட்டி, தானாக உதிர்ந்து வலையில் விழும்வரை காத்திருந்து எடுக்கிற மாம்பழம். குறைந்தது 350 கிராம் இருக்கவேண்டும், நிறம் இப்படி, இனிப்பு இப்படி என்று சட்டமெல்லாம் உண்டு. தேறியவற்றுக்கு ‘சூரியனின் முட்டை’ என்று பெயர். 2019-இல் அப்படி ஒரு ஜோடிப் பழம் ஏலத்தில் ஐந்து லட்சம் யென்னுக்குப் போனது; நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். 2021-இல் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் ஒரு தம்பதி தோட்டத்தில் காய்த்த இந்தப் பழத்துக்கு நான்கு காவலாளிகளையும் ஆறு நாய்களையும் போட்டார்கள் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவ்வளவுதான், சாமராஜநகர் வரைக்கும் மியாசாகி கன்று வந்துவிட்டது. 1,800 ரூபாய்.

இதில் வேடிக்கை, அந்த ரகத்தின் உண்மைப் பெயர் இர்வின். பிறந்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில். ஜப்பான்காரன் விலை வாங்குவது கூடாரத்துக்கும் வலைக்கும் பொறுமைக்கும். அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கன்றை மட்டும் கொண்டுவந்து, இந்த ஊர் வெயிலில் காயப்போட்டால் முட்டை எங்கிருந்து வரும்? இதை நர்சரிக்காரரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. “சார், நீங்க சொல்றது கரெக்ட். ஆனா கேக்கறாங்க சார்” என்றார். வியாபாரத்தின் மொத்த சாஸ்திரமும் அதற்குள் அடக்கம்.

கேட்கிறவர்கள் யார் என்பதையும் பார்த்துவிட்டேன். 2023-இல் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்ததிலிருந்து சனி ஞாயிறுகளில் இந்தப் பக்கம் வருகிற பெரிய கார்கள் கூடிவிட்டன. கால் ஏக்கர், அரை ஏக்கர் ‘ஃபார்ம் பிளாட்’ வாங்கியவர்கள். அவர்கள் ரகம் கேட்பதில்லை, உயரம் கேட்கிறார்கள். “எட்டடி இருக்கா? கிரகப்பிரவேசத்துக்குள்ள நிழல் வேணும்.” பேரம் பேசுவதில்லை. அரைமணி நேரம் நின்று பத்து ரூபாய் குறைத்து வாங்கலாம் என்று வந்திருக்கிற என்னைப் போன்றவர்களின் பிழைப்பைக் கெடுப்பது இவர்கள்தான்.

பெயர் வைத்தாலும் நியாயமாக வைத்ததற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. துமகூர் மாவட்டத்து குப்பி தாலுகாவில் சேளூர் என்ற ஊரில் ஒரு விவசாயி வீட்டுப் பலாமரம். சிறிய காய், செம்பு நிறச் சுளை. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொக்கிப்போய், மரத்தை வைத்த அவருடைய அப்பாவின் பெயரால் ‘சித்து’ என்று பெயரிட்டு, 2017-இல் அவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். கன்று விற்கிற பணத்தில் 75 சதவீதம் விவசாயிக்கு. அப்பா வைத்த மரம் பிள்ளைக்கு லட்சக்கணக்கில் வருமானம் கொடுத்தது. அந்தக் கன்றுக்குக் கொடுக்கிற காசில் எனக்கு வருத்தமே இல்லை. பலாமரத்துக்கு என் சைட்டில் இடமில்லை என்பதும் வருத்தமில்லாததற்கு ஒரு காரணம்.

அடுத்தது அவசரத்துக்குக் கொடுக்கிற காசு. கொட்டை போட்ட மா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஒட்டு மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். நமக்கு அதுவும் ஆகவில்லை. காரில் ஏற்றும்போதே காய் தொங்கவேண்டும். நர்சரிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்த நாள்தான் செடி விலைக்குப் பொற்காலம் பிறந்த நாள்.

கோபிச்செட்டிபாளையம் என் மாமனார் ஊர். அந்தப் பக்கம் ஒரு நர்சரியில் முழங்கால் உயரக் கன்று ஒன்றில் இரண்டு மாங்காய் தொங்கியது. காயில்லாத கன்று 350, காயோடு 650. எலுமிச்சம்பழம் அளவில் இருந்த காய் ஒன்றுக்கு 150 என்று ஆகிறது. ஆனாலும் பார்த்தவுடன் மனசு அதில்தான் போய் ஒட்டியது. மைசூர் விலைக்கு இதுவே மலிவு என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லி வாங்கிவிட்டேன்.

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறினோம். கன்றுக்கு லக்கேஜ் டிக்கெட் என்றார் கண்டக்டர். கர்நாடகத்துக்குள் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் 2023 ஜூனிலிருந்து இலவசம். பப்பாளியாக இருந்தால் ஆண் பெண் பார்த்து ஏதாவது வாதாடலாம், மாவில் அதற்கும் வழியில்லை. பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒரு பக்கம் சாயும், கன்று மறுபக்கம் சாயும், நான் இரண்டு கையாலும் இரண்டு காயையும் தாங்குவேன். ஆளுக்கு இரண்டு கைதானே. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால் நான் முன்சீட்டு அம்மாவின் தோளில் போய் முட்டுவேன். ஒன்பதாவது வளைவிலோ பத்தாவதிலோ அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் கை தானாக விட்டுப்போனது. ஒரு காய் உதிர்ந்து, சீட்டுக்கடியில் உருண்டு, கடைசி வரிசையில் ஒரு பையனின் காலடியில் போய் நின்றது. நான் எழுந்து போவதற்குள் அவன் கடித்துவிட்டான். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. அவனுக்குத் தெரியாது, அது நூற்றைம்பது ரூபாய்க் கடி.

ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்கிட்டே பஸ் நின்றது. அந்த இடத்தில் யானைகள் ரோட்டில் இறங்கி நிற்கும். சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு லாரிகளிடம் வசூல் பண்ணப் பழகியவை. ஒரு தாயும் குட்டியும் ரோட்டோரம் நின்றிருந்தன. பஸ்ஸில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. பின்சீட்டுக்காரர் மட்டும் மெதுவாக, “சார், மாங்கா வாசனை ரொம்ப தூரம் போகும் சார்” என்றார். நான் துண்டை எடுத்து மிச்சமிருந்த காயை மூடினேன். யானைகள் எங்களை மதிக்கவே இல்லை. பின்னால் கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது.

ஆக, ஒரு காயோடு கன்று வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் மண்டியிலிருந்து வந்து பார்த்தால் அதுவும் இல்லை. அணில் என்றுதான் நினைத்தேன்.

“நாந்தானுங்க கிள்ளுனேன். இத்துணூண்டு கன்னுல காய உட்டா கன்னு எப்படி வளரும்? மூணு வருசத்துக்குப் பூவக்கூட உடக்கூடாதுன்னு அந்தச் சந்தூர்க்காரரு சொன்னாருல்ல?”

அன்றைக்குப் பருப்பில் மாங்காய் போட்டிருந்தாள். சந்தூர்க்காரர் சொன்னது சரிதான். தோட்டக்கலைப் புத்தகமும் அதையேதான் சொல்லும். பிஞ்சுக் கன்றில் தொங்குகிற காய் அதன் சாப்பாட்டைப் பிடுங்கித்தான் தொங்குகிறது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிவந்து, முதல் வேலையாகக் கிள்ளிப்போடவேண்டிய ஒன்றுக்கு இருப்பதிலேயே அதிக விலை. மண்டியில் இப்படி ஒரு சரக்கு விற்றால் என்னைத் தூணில்தான் கட்டுவார்கள்.

இரவு பேரேட்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. பற்று இடதுபக்கம், வரவு வலதுபக்கம். கொய்யாவின் வரவுப் பக்கத்தில் வௌவால் மிச்சம் வைத்தது மட்டும் ஏறும். சப்போட்டாவுக்கு ஒட்டுப் போடுகிற அடிக்கன்று பாலா மரம். அது மெதுவாகத்தான் பருக்கும், அதனால்தான் சப்போட்டாக் கன்று மாவைவிட விலை கூட. என் சப்போட்டா அந்தக் குலப்பெருமையை விடாமல் இன்னும் மெதுவாகவே இருக்கிறது. எலுமிச்சைக்கு வரவு நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. மாவின் பக்கத்தில் ‘மாங்காய்ப் பருப்பு, ரூ.150’ என்று வரவு வைத்தேன். பஸ்ஸில் போன 150-ஐ எந்தத் தலைப்பில் காட்டுவது என்று தெரியாமல் ‘வழிச்சேதாரம்’ என்று எழுதினேன்.

வாழைப் பக்கம்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். நஞ்சன்கூடு ரசபாலெ என்று ஒரு பழம். புவிசார் குறியீடெல்லாம் வாங்கிய பெரிய இடத்துப் பிள்ளை. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் யார் கொல்லையிலும் இருந்தது. கன்று கேட்டால் கொத்திக் கொடுப்பார்கள். பனாமா வாடல் என்ற மண்ணில் ஊறிய பூஞ்சை நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுவிட்டது. வியாதி மண்ணோடும் கிழங்கோடும் ஒட்டிவரும் என்பதால் பக்கத்து வீட்டுக் கன்றை வாங்கி நடவே இப்போது பயம். கண்ணாடிக் குடுவையில் வளர்த்த திசு வாழைக்கன்றைத்தான் விலைகொடுத்து வாங்கவேண்டும். சும்மா கிடைத்தது விலைக்கு வந்த கதைகளில் இது ஒன்றில்தான் வியாபாரியைக் குறைசொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் பின்பக்கத்தில் என் கவனத்துக்கு வராமல் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. தின்றுபோட்ட மாங்கொட்டைகளை என் மனைவி பால் பாக்கெட் கவர்களில் மண் போட்டு முளைக்கவைத்திருக்கிறாள். துணிக்கொடிக்குக் கீழே வரிசையாக நின்றவற்றைக் கீரை என்று நான் நினைத்திருந்தேன். மாமனார் வீட்டுச் செந்தூரா மரத்தின் குச்சி ஈரத்துணியில் சுற்றி வந்திருக்கிறது. என் சவரப் பிளேடு குறைந்துகொண்டே வந்த காரணம் பிறகுதான் விளங்கியது. எதிர்ப் பெட்டிக்கடையில் பெப்சி கவர். பாதிக்குமேல் குச்சி கறுத்துப்போனது. பிழைத்தவற்றில் செம்பு நிறத்தில் துளிர் விட்டபோதுதான் என்னிடம் காட்டினாள்.

நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். நர்சரியில் இருந்ததைவிட ஒன்றும் குறைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டீச்சரம்மா வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசுவதற்கென்றே ஒரு தமிழ் வைத்திருக்கிறார். கன்றைப் பார்த்துவிட்டு, “அய்யோ, எஷ்டு சந்த இதே! எனக்கு ஒண்ணு கொடு அக்கா. எவ்வளவு தரணும்?” என்றார்.

“உங்ககிட்டப் போயி காசு வாங்குவனா டீச்சர்? சும்மா எடுத்துட்டுப் போங்க” என்றாள் இவள்.

உள்ளே பேரேடு எழுதிக்கொண்டிருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டை சும்மா வந்தது, சரி. குச்சி மாமனார் வீட்டுச் சீர். பிளேடு? பெப்சி கவர்? செத்துப்போன பாதியின் செலவு? தர்ட்டி ஃபார்ட்டி சைட்டில் சதுர அடி என்ன விலை, அதற்கு ஒரு வருஷ வாடகை? பேனாவை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“மேடம், சும்மான்னு சொல்றது அவ நல்ல மனசு. ஆனா இது ஒரிஜினல் ஒட்டு. அறுபது வருஷத் தாய்மரம், கோபிச்செட்டிபாளையத்துச் செந்தூரா. வெளியில முந்நூறு. உங்களுக்காக இருநூத்தைம்பது.”

“மைசூர் ரோட்டுல அதே ரேட்டுதானே சார்?”

“அங்க கடியத்துச் சரக்கு மேடம். லாரில ஆடி ஆடி வேரெல்லாம் அசைஞ்சிருக்கும். இது இந்த ஊர்த் தண்ணி குடிச்சது. சைட்டுக்கு செட் ஆகும்.”

என் மனைவி இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா குனிந்து, கன்றின் இலைகளை ஒவ்வொன்றாக விலக்கித் தேடினார்.

“காய் ஒண்ணும் காணோமே சார்?”

“காயோட வேணும்னா ரேட் வேற மேடம்.”